அரிவாளில் இல்லை நெல்லை

திருநெல்வேலி என்றதும் வெளியூர்க்காரர் வாயில் இரண்டு வார்த்தை வரும்: அல்வா, அருவா. அல்வாவைப் பற்றி எனக்கு வழக்கில்லை. அருவாவைப் பற்றித்தான் வழக்கு. அதை எங்கள் தலையில் கட்டியது சினிமா. ‘நெல்லைப் படம்’ என்று ஒரு வகையே உருவாகிவிட்டது. பகைத்துக்கொண்ட இரண்டு குடும்பம், ஒரு கோயில் கொடை, வரிசையாக வந்து நிற்கும் கார்கள், முதுகுக்குப் பின்னாலிருந்து உருவப்படும் அருவா. பார்த்தவர்களுக்கு ஊரே புரிந்துவிட்டதாக ஒரு திருப்தி. மறுபடி பார்க்கத் தகுந்த நெல்லைப் படம் எது என்று கேட்டால் ‘சீவலப்பேரி பாண்டி’ (1994), ‘சாமி’ (2003), ‘தாமிரபரணி’ (2007) என்று அடுக்குகிறார்கள். அந்த மண்ணின் குணத்தைச் சரியாகப் பிடித்த படங்கள் இவைதான் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

வெளியூர்க்காரர் சொன்னால் விட்டுவிடலாம். எங்கள் பையன்களே இதை நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது. காதுகுத்துக்கும் கொடைக்கும் வைக்கிற பிளக்ஸில் அருவாப் படம் போட்டு, கீழே ஊர்ப் பெயரையும் போட்டு, அதைப் பெருமை என்று நினைக்கிறார்கள். தன் ஊரைப் பற்றி அடுத்தவன் எடுத்த படத்தைப் பார்த்துத் தன்னையே அப்படி ஆக்கிக்கொள்வதைவிட ஒரு ஊருக்குப் பெரிய நஷ்டம் வேண்டியதில்லை.

மண்ணின் குணத்தைப் பிடித்தவை அருவாப் படங்கள்தான் என்ற அந்தத் தீர்ப்பு தவறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் இந்த ஆற்றங்கரையின் வாழ்வைத் தமிழ் சினிமா உண்மையாகத் தொட்ட இடங்கள் வேறு. அவற்றை நாம் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம். மறுபடி பார்க்க வேண்டியவை அவைதான்.

முதலில் அந்த ஆயுதத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பேர்போன வீச்சரிவாள் திருப்பாச்சேத்தியில் அடிப்பது. அது சிவகங்கை மாவட்டம். எங்கள் பக்கம் அருவா பிழைப்புக்கான கருவி. வாழைத்தார் வெட்ட ஒன்று, பனையேறி இடுப்புப் பெட்டியில் வைத்துப் பாளை சீவ ஒன்று, கதிர் அறுக்கப் பல்லுள்ள பன்னருவா ஒன்று. சுடலைமாடன் கையில் இருப்பது சாமிக்கு உரியது, அதை மனிதன் தொடுவதற்கே முறை இருக்கிறது. இத்தனையையும் விட்டுவிட்டு, காரிலிருந்து இறங்குகிறவன் கையில் இருப்பதை மட்டும் சினிமா எடுத்துக்கொண்டது.

“சரி, வெட்டுக்குத்து நடக்கவில்லையா? பேப்பரைத் திறந்தால் தெரியுமே” என்று கேட்பார்கள். அவர்கள் வாதங்களில் வலுவானது இதுதான், அதை நான் ஒதுக்கப்போவதில்லை. நடக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை, அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து அருவாவால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதிதான் காரணம். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதி வேறுபாட்டைக் களைய வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர்க் குழுவை அரசு அமைத்தது. அருவா இங்கே இல்லை என்று சொன்னால் நான் பொய்யன்.

ஆனால் அந்த அருவாப் படங்களில் இந்த நாங்குநேரி எங்கே இருக்கிறது? அந்தப் படங்களில் வெட்டுகிறவனுக்குச் சாதி கிடையாது. இருப்பதெல்லாம் ‘குடும்ப மானம்’, ‘கொடுத்த வாக்கு’, ‘ஊர்க் கௌரவம்’. வெட்டுப்படுகிறவன் எப்போதும் வில்லனின் அடியாள். எதனால் வெட்டினார்கள், யாரை வெட்டினார்கள் என்ற இரண்டு கேள்வியையும் துடைத்துவிட்டு, வெட்டுகிற கையின் அழகை மட்டும் மெதுவாகச் சுழற்றிக் காட்டுகிற படம் நெல்லையின் வன்முறையைச் சொல்லவில்லை, அதை ஒளித்து வைக்கிறது. எங்கள் ஊரின் காயத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு படத்துக்குத்தான் போக வேண்டும்.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) அந்தப் படம். வந்தபோது எல்லோரும் பார்த்தோம், பேசினோம். இப்போது மறுபடி போட்டு, அதில் வரும் அந்தக் கிழவரை மட்டும் கவனியுங்கள். கராத்தே வெங்கடேசன் நடித்த பாத்திரம். கட்டட வேலை பார்க்கிற, சைக்கிளில் போகிற, கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பெரியவர். சாதி தாண்டியவர்களைக் கொல்வதைக் குலசாமிக்குச் செய்கிற கடமையாக நினைக்கிறவர். அவர் எப்படிக் கொல்கிறார்? குளிக்கிறவனைத் தண்ணீருக்குள் அமுக்கி. ஓடுகிற பஸ்ஸிலிருந்து தள்ளி. பெண்ணைத் தூக்கில் மாட்டி. ஒவ்வொன்றும் போலீஸ் பதிவில் விபத்தாகவும் தற்கொலையாகவும் போய்ச் சேரும். முதல் தடவை பார்க்கையில் நாம் நாயகன் பரியனுக்கு என்ன ஆகுமோ என்று பதறிக்கொண்டிருப்போம், கிழவரின் முறையைக் கவனித்திருக்க மாட்டோம். இரண்டாம் தடவை அதுதான் கண்ணில் படும். சத்தமே இல்லாத, ஊர் அறிந்தும் பேசாத கொலை. அந்தக் கிழவர் கையில் ஒரு அருவாவைக் கொடுத்திருந்தால் படம் நூறு படங்களில் ஒன்றாகியிருக்கும். கொடுக்காததனால்தான் நமக்குக் குலை நடுங்குகிறது.

அதே படத்தில் பரியனின் அப்பாவைப் பாருங்கள். கூத்தில் பெண் வேடம் கட்டி ஆடுகிற மனிதர். நடித்தவர் நெல்லை தங்கராஜ், வாழ்க்கையிலும் கூத்துக் கலைஞராக இருந்தவர். கல்லூரிப் பையன்கள் அவர் வேட்டியை உருவ, அவர் நடுரோட்டில் ஓடுகிற அந்தக் காட்சி. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. இந்தப் பகுதியைப் பற்றி எடுத்த அத்தனை சண்டைக் காட்சிகளையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஓட்டம் கீழே இறங்கும்.

“மாரி செல்வராஜே ‘கர்ணன்’ (2021) படத்தில் வாள் கொடுக்கிறாரே” என்று ஒரு நண்பர் என்னை மடக்கப் பார்த்தார். கொடுக்கிறார்தான். ஆனால் படம் எங்கே ஆரம்பிக்கிறது? நடுரோட்டில் வலிப்பு வந்து கிடக்கிற ஒரு சிறுமி, இரண்டு பக்கமும் போகிற வண்டிகள், எதுவும் நிற்கவில்லை. அந்த ஊருக்கு ஒரு பஸ் நிறுத்தம் இல்லை என்பதுதான் படம் முழுக்க நடக்கிற வழக்கு. அங்கே ஆளைக் கொன்ற ஆயுதம் நிற்காமல் போன பஸ். வாள் ஆள்மேல் பாய்வது கடைசியில்தான், அது ஏன் பாய்ந்தது என்பதற்கு அத்தனை நேரம் படம் பதில் சொல்லிவிட்டிருக்கிறது.

இப்போது 40 ஆண்டு பின்னால் போகிறேன். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979). மேட்டுப்பாளையம் பக்கம் எடுத்த படத்துக்கும் நெல்லைக்கும் என்ன என்று கேட்கலாம். அதன் வித்து புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’. நெல்லைக் குடும்பத்துப் பிள்ளை, இங்கே இந்துக் கல்லூரியில் படித்தவர், மனிதன் மனிதனுக்குச் செய்கிற கொடுமையைக் கண்ணை மூடாமல் பார்த்தவர். கதையிலிருந்து படம் வெகுதூரம் விலகிப் போய்விட்டது, ஆனால் அந்தப் பார்வை விலகவில்லை. சினிமாவுக்கு எழுதப் போய்த்தான் புதுமைப்பித்தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டார். ‘ராஜமுக்தி’ பட வேலையாகப் புனே போன இடத்தில் காசநோய் முற்றி, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். தமிழ் சினிமா அவருக்குத் திருப்பிக் கொடுத்த ஒரே மரியாதை ‘உதிரிப்பூக்கள்’ என்று நான் நினைக்கிறேன்.

“மெதுவாகப் போகும், இப்போ யார் உட்கார்ந்து பார்ப்பா” என்பது அந்தப் படத்தின் மேல் சொல்லப்படுகிற குற்றம். அசோக்குமாரின் கேமரா ஓரிடத்தில் நின்று முகங்களைப் பார்க்கிறது, இளையராஜா பல இடங்களில் வாத்தியங்களைச் சும்மா இருக்கச் சொல்லிவிடுகிறார். விஜயன் நடித்த சுந்தரவடிவேலு ஒரு தடவைகூடக் குரலை உயர்த்த வேண்டிய அவசியம் இல்லாத கொடுமைக்காரன். மனைவி லட்சுமியிடம் அவன் பேசுகிற தோரணையைக் கேட்டாலே வயிற்றைப் பிசையும். இதை வேகமாகச் சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்குள் கொடுமை வருஷக் கணக்காகச் சேர்கிற விதம் அப்படித்தான் இருக்கும். கடைசியில் ஊர் கூடி அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறது. யார் கையிலும் ஆயுதம் இல்லை. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே, நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்ற பொருளில் அவன் பேசிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குகிறான். வில்லன் செத்தான் என்று கைதட்ட முடியாதபடி நம்மையும் அந்தக் கரையில் நிற்க வைத்துவிடுகிறது அந்தப் பேச்சு. கொலையைக் கொலையாகவே உணரவைக்கிற படம் எது, கொலையைக் கொண்டாட்டமாக்குகிற படம் எது என்று தெரிந்துகொள்ள வேறு பாடம் தேவையில்லை.

ஆறும் சாவும் என்று பேசும்போது எங்களால் 1999 ஜூலை 23ஐத் தாண்டிப் போக முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகக் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கப் போன ஊர்வலம். போலீஸ் தடியடி. சிதறி ஓடியவர்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் செத்தார்கள், ஒரு குழந்தை உட்பட. ஆர். ஆர். சீனிவாசன் அதை ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படமாக எடுத்தார். தொண்ணூறுகளில் நெல்லையில் ‘காஞ்சனை’ என்று புதுமைப்பித்தன் கதையின் பெயரிலேயே திரைப்பட இயக்கம் நடத்தி, உலகப் படங்களை எங்களுக்குப் போட்டுக் காட்டியவர் அவர். தாமிரபரணி என்ற பெயரில் ஒரு படத்தை மறுபடி பார்க்கச் சொல்வதானால் நான் இந்த ஆவணப்படத்தைத்தான் சொல்வேன். இந்த ஆற்றின் பெயரை ஒரு அடிதடிப் படத்தோடு சேர்த்து நினைக்கிற தலைமுறை, இந்த ஆற்றில் 17 பேர் செத்ததைத் தெரியாமல் வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை.

சீவலப்பேரிக்கும் இதே கதிதான். பெயரைச் சொன்னால் ‘பாண்டி’ என்று தானாக வாய் முடிக்கும். சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேர்கிற இடம் அது. முக்கூடற்பள்ளு பாடிய முக்கூடல் அந்தப் பக்கம்தான். அங்கேயிருந்து எடுத்த ஆற்றுத் தண்ணீர்தான் குழாய் வழியே கரிசல் காட்டைக் கடந்து கோவில்பட்டிக்காரர்களின் தாகம் தீர்த்தது. அந்தக் கரிசலின் தாகத்தைப் பற்றி ஒரு பெரிய படம் இருக்கிறது: கே. பாலசந்தரின் ‘தண்ணீர் தண்ணீர்’ (1981). கோமல் சுவாமிநாதனின் நாடகம். தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986இல்தான், அதுவரை கோவில்பட்டி வட்டாரமும் திருநெல்வேலி ஜில்லா. வற்றாத ஆறு ஓடுகிற அதே ஜில்லாவில் குடிக்கத் தண்ணீர் இல்லாத அத்திப்பட்டி. ஒரே ஜில்லாவுக்குள் கிடந்த இந்த இரண்டு உலகத்தை எத்தனை பேர் சேர்த்துப் பார்த்திருக்கிறோம்?

அந்தப் படத்தில் ஊரே சேர்ந்து தானே கால்வாய் வெட்டப் புறப்படுகிறது. அரசாங்கம் வந்து, அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று நிறுத்துகிறது. மண்வெட்டியோடு நிற்கிற அந்த ஜனங்களின் முகத்தையும், சரிதாவின் செவந்தியையும் மறுபடி பாருங்கள். நாடகத்தனம் இருக்கிறது, வசனம் சில இடத்தில் மேடைக்குரியதாக ஒலிக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு கிராமத்தை மெல்ல மெல்லச் சாகடிப்பது என்றால் என்ன என்பதைத் தமிழில் இவ்வளவு கோபத்தோடு சொன்ன படம் அபூர்வம்.

‘வாழை’ (2024) புதிய படம், அதைப் பழைய படங்களோடு சேர்க்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். எனக்குத் தயக்கமில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத் தோட்டங்களை ரயிலிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பச்சை மட்டும்தான் தெரியும். அந்தப் பச்சைக்குள் சனி ஞாயிறு தார் சுமக்கப் போகிற பள்ளிக்கூடப் பையன் சிவனைந்தன் இருக்கிறான். சகதியில் கால் புதைய, தலையில் சும்மாட்டுக்கு மேல் தார், கழுத்து ஒடிகிற வலி. அம்மா முன்பணம் வாங்கிவிட்டாள், போயே ஆக வேண்டும். பசி தாங்காமல் ஒரு பழம் பறித்ததற்கு அடி. சுற்றிலும் பழம் விளைகிற காட்டில் பசித்த பிள்ளை. இதை எழுதும்போதே எனக்குக் கை நிற்கிறது. அந்தத் தோட்டத்தில் அருவாவும் இருக்கிறது, தார் வெட்ட. அது யாரையும் மிரட்டவில்லை. மிரட்டுவது கூலியும் கடனும்.

“எதுவாக இருந்தாலும் படம் ஓட வேண்டும், ஓடினதுதானே மக்கள் தீர்ப்பு” என்கிறவர்களுக்கு ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) போதும். பி. ஆர். பந்துலு எடுத்து, சிவாஜி வ.உ.சி.யாக நடித்த படம் அன்றைக்கு வசூலில் தோற்றது. ஓடின எத்தனையோ படங்களின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. பந்துலுவின் படம் நிற்கிறது. வ.உ.சி. கைதானதைக் கேட்டு 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி எழுந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். கடையடைத்து, அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கிய ஊர் இது. ரோஷம் எங்கள் ஊர்ச் சொத்து என்று பேசுகிற பிள்ளைகள் அந்த நாளை அல்லவா பிளக்ஸில் போட வேண்டும்!

அந்தப் படத்தில் செக்கிழுக்கிற காட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்வது விடுதலையாகி வெளியே வரும் காட்சி. கப்பல் விட்டவனை அழைத்துப்போகக் கூட்டம் இல்லை. தொழுநோய் தின்ற உடம்போடு சுப்பிரமணிய சிவா வந்து நிற்கிறார், டி. கே. சண்முகம். மேடைத் தமிழ் கர்ஜனைக்குப் பேர்போன சிவாஜி அந்த இடத்தில் எவ்வளவு சின்னதாகிப் போகிறார் என்று பாருங்கள். பாரதியாக வரும் எஸ். வி. சுப்பையா செங்கோட்டைக்காரர். பாரதி என்றால் இன்றும் எனக்கு முதலில் வருவது அவர் முகம்.

பேச்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பேச்சு படத்தில் ஒன்று மிரட்டலுக்கு வரும், இல்லையென்றால் சிரிப்புக்கு வரும். ‘ஏலேய்’ என்று கத்தினால் நெல்லைத் தமிழ் முடிந்தது. ‘பாபநாசம்’ (2015) அந்த வழக்கத்தை மாற்றிய படம். மலையாளத்திலிருந்து வந்த கதைதான். ஆனால் ஜெயமோகனின் வசனமும், சுகா கூடவே இருந்து கமலுக்குப் பழக்கிய பேச்சும் அதை இந்தக் கரையில் நட்டுவிட்டன. நாலாம் வகுப்பைத் தாண்டாத சுயம்புலிங்கம் கேபிள் டிவி நடத்துகிறான், படம் படமாகப் பார்க்கிறான், பார்த்த படங்களிலிருந்து கற்றதை வைத்துத் தன் பெண் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறான். அவனுடைய பலம் முழுக்க வாயில் இருக்கிறது. நிதானமாக, கொஞ்சம் இழுத்து, மரியாதை குறையாமல் பேசிப் பேசியே போலீஸை அலைக்கழிக்கிற அந்தப் பேச்சு, பெருமாள்புரத்திலும் அம்பையிலும் எந்த டீக்கடையிலும் கேட்கிற பேச்சு. முடிவு தெரிந்த பிறகுதான் இந்தப் படத்தை நன்றாகப் பார்க்க முடியும். யார் எப்போது பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு வரியும் வேறாக ஒலிக்கும்.

ஒரே வீச்சில் இன்னும் மூன்று. ‘கொஞ்சும் சலங்கை’ (1962): எஸ். ஜானகியின் குரலோடு நாதஸ்வரம் போட்டிபோடுகிற அந்த முருகன் பாட்டு. வாசித்தது அம்பாசமுத்திரம் பக்கத்துக் காருகுறிச்சி அருணாசலம். கதைக்காக அந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம், அந்த நாயனத்துக்காகப் பாருங்கள். ‘காதலிக்க நேரமில்லை’ (1964): நாகேஷ் பேய்க்கதை சொல்ல, வசனமே இல்லாமல் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு டி. எஸ். பாலையா செய்வது. அவர் சுண்டங்கோட்டைக்காரர், பழைய திருநெல்வேலி ஜில்லா. ‘அவள் அப்படித்தான்’ (1978): ருத்ரய்யாவின் அந்தப் படத்துக்கு எழுதியவர்களில் எங்கள் வண்ணநிலவன் ஒருவர். ஸ்ரீப்ரியாவின் மஞ்சு பேசுகிற பேச்சுக்கு இன்றைக்கும் ஆண்களிடம் பதில் இல்லை. இசையும், நடிப்பும், எழுத்தும் இந்த ஜில்லாவிலிருந்து போயிருக்கின்றன. போனது அருவா மட்டும்தான் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

பொருநை புத்தகத் திருவிழா நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பட்டிமன்றம் நடக்கட்டும், நடனம் நடக்கட்டும், அதோடு தினம் ஒரு படம் போடுங்கள். ‘உதிரிப்பூக்க’ளில் ஆரம்பிக்கலாம். ‘கப்பலோட்டிய தமிழ’னைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பகலில் போடுங்கள். ‘பரியேறும் பெருமாள்’ போடுகிற நாளில் பேச்சாளரை அழைக்க வேண்டாம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு மைக்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் அரைமணி நேரம் வாயைத் திறக்காமல் கேட்கட்டும். அருவாப் படம்தான் எங்கள் படம் என்று சொல்கிறவர்களும் வரட்டும், அவர்களுக்கும் மைக் உண்டு.